சி.ஆர்.வி ஏ.டபிள்யூ.டி-க்கு விண்டர் டயர்: 18 இஞ்சா, 17 இஞ்சா, இல்ல ஆல் வெதரே போதுமா?

கொங்குப்பையன் (மிசிசாகா), அக்டோபர் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல இருந்து போன பிப்ரவரி கடைசில கனடா வந்தேன். அந்தக் குளிர்காலத்தோட வாலை மட்டும் பஸ்ல உக்காந்துதான் பாத்தேன். ஆகஸ்ட்ல ஒரு 2019 ஹோண்டா சி.ஆர்.வி வாங்கிட்டேன், ஏ.டபிள்யூ.டி (நாலு சக்கரத்துக்கும் இழுவை). வேலை கிச்சனர்ல. வாரத்துல மூணு நாள் காலையில 5 மணிக்குக் கிளம்பி 401 நெடுஞ்சாலைல போகணும்.

வண்டில இப்ப இருக்கறது 235/60 ஆர்18, அதாவது 18 இஞ்ச் ரிம்முக்கான ஆல் சீசன், வருஷம் பூரா ஓட்டற சாதா டயர். ஓரத்துல எம் பிளஸ் எஸ்னு போட்டிருக்கு. வண்டிய வித்தவர், "நாலு சக்கரமும் இழுக்கற வண்டிக்கு ஸ்நோ டயர் தண்டச்செலவு"ன்னு சொல்லிட்டாரு. ஆபீஸ்ல இருக்கறவங்க நேர் எதிரா சொல்றாங்க. ஒரு கடையில விலை கேட்டேன். நாலு டயர், நாலு அலாய் ரிம், நாலு பிரஷர் சென்சார், வரியோட 2,400 டாலர் சொன்னாங்க. மயக்கம் வராத குறைதான். என்னால 1,500 வரைக்கும் முடியும். எதை விடலாம், எதை விடக் கூடாது?

ரயர்க்கடை (ஸ்காபரோ), அக்டோபர் 14, இரவு 10.25

தம்பி, நான் இந்தத் தொழிலில 11 வருசமா நிக்கிறன். நீங்கள் டயர் எண்டுவியள், நாங்கள் ரயர் எண்டுவம். ஐசில ரெண்டும் ஒரே மாதிரித்தான் வழுக்கும்.

வித்தவர் சொன்னதை முதல்ல மறவுங்கோ. ஏ.டபிள்யூ.டி எண்டது காரைக் கிளப்புறதுக்கு. நிப்பாட்டுறதுக்கு அது ஒண்டும் செய்யாது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலயும்தான் கிடக்கு. உண்மையைச் சொன்னால் அது ஆக்களைக் கொஞ்சம் ஏமாத்தவும் செய்யும். சிக்னலில பச்சை விழ அந்தரப்படாமல் கிளம்பும். "ரோட்டு நல்லாத்தான் கிடக்கு" எண்டு நினைச்சு 70-இல போவியள். அடுத்த சிவப்புக்குத்தான் ரோட்டு எப்பிடி எண்டு விளங்கும்.

எம் பிளஸ் எஸ் எண்டது சேறும் ஸ்நோவும். அது ரயரின்ர வெட்டு எந்த வடிவத்தில கிடக்கு எண்டதுக்குப் போடுற எழுத்து. ரப்பரைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது. நீங்கள் பாக்க வேண்டியது மூண்டு முகடு உள்ள மலை, அதுக்குள்ள ஒரு ஸ்நோ பூ. அந்தப் படம் இல்லாட்டி அது குளிர்கால ரயர் இல்லை.

ரப்பர்தான் விசயம். சாதாரண ஆல் சீசன் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போகப் போக இறுகும். விண்டர் ரயரில சிலிக்கா கூடப் போட்டு, மைனஸ் 25-இலயும் இளகி இருக்கிற மாதிரிச் செய்வினம். ரயரின்ர மேல்பக்கத்து ரப்பர்க் கட்டையளில மயிரிழை மாதிரிக் கனக்க வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வெட்டின்ர விளிம்பும் ஐசைப் பிறாண்டும்.

மொன்றியல்வாசி, அக்டோபர் 14, இரவு 11.02

இஞ்ச கியூபெக்கில இந்த விவாதமே இல்லை. 2008-இல சட்டம் கொண்டு வந்தவங்கள். அப்ப டிசம்பர் 15-இல தொடங்கினது, 2019-இல இருந்து டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை. கியூபெக்கில பதிஞ்ச கார் எண்டால் அந்த மலைப் படம் போட்ட ரயர் கட்டாயம். இல்லாட்டி 200 தொடக்கம் 300 டொலர் தண்டம். எம் பிளஸ் எஸ் மட்டும் காணாது.

நான் இருக்கிற தெருவின்ர பேர் கோட்-டெ-நேஜ். பிரெஞ்சில பனிச் சரிவு எண்டு அர்த்தம். பேர் வைச்சவன் பொய் சொல்லேல்லை.

சும்மா_பாக்கிறவன் (ஸ்காபரோ), அக்டோபர் 15, காலை 7.15

பிழையா எடுக்காதேங்கோ. 16 வருசமா ரொறன்ரோவில ஓடுறன், ஒருநாளும் விண்டர் ரயர் போட்டதில்லை. ஒரு விபத்தும் இல்லை. ஒன்ராறியோவில சட்டமும் இல்லை. ஸ்நோ கொட்டின உடனயே உப்புப் போட்டு வழிச்சுப் போடுவாங்கள். ஆறுதலா ஓடினாக் காணும். ரயர்க் கடைக்காரர் ரயர் வேண்டாமெண்டு சொல்லுவாரே?

ரயர்க்கடை, அக்டோபர் 15, காலை 7.50

நியாயமான கேள்வி. அதாலதான் கடை எதெண்டு இதுவரைக்கும் எழுதேல்லை, இனியும் எழுத மாட்டன்.

உப்பைப் பற்றி ஒண்டு. சாதாரண உப்பு மைனஸ் 10, 12-க்குக் கீழ போனால் பெரிசா வேலை செய்யாது. ஜனவரி விடியப்புறத்தில அந்தக் குளிர் வழமைதான். 2022 ஜனவரி 17-ஐ நினைச்சுப் பாருங்கோ. அண்டு கொட்டின ஸ்நோவில டொன் வலி பார்க்வேயையே மூடினவங்கள். நகரத்தின்ர முக்கியமான ரோட்டே அப்பிடியெண்டால் உங்கட உள்த்தெரு எந்த மூலை?

இரவுப்பணி (ஸ்காபரோ), அக்டோபர் 15, பகல் 1.30

> ஆறுதலா ஓடினாக் காணும்

அண்ணை, நானும் அப்பிடித்தான் நினைச்சனான். முதியோர் இல்லத்தில வேலை, இரவு 11 தொடக்கம் காலை 7 வரை. ஸ்நோ கொட்டுது எண்டு நாங்கள் வீட்டில நிக்க ஏலாது. அடுத்த ஆள் வந்தால்தான் இருக்கிற ஆள் வீட்டை போகலாம்.

மூண்டு வருசத்துக்கு முதல் ஓல்ட் கிங்ஸ்டன் ரோட்டு இறக்கத்தில வந்துகொண்டிருந்தனான், ஹைலண்ட் கிரீக் பக்கம். ரொயோட்டா ராவ்4, ஏ.டபிள்யூ.டி, நல்ல ஆல் சீசன், தேயவும் இல்லை. வேகம் 30 கூட இருக்காது. கீழ சிவப்பு விழுந்திட்டுது. பிரேக்கை மிதிச்சன், ஏ.பி.எஸ், அதுதான் சில்லு பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற சாமான், காலுக்குள்ள கட கடவெண்டு அடிக்குது, கார் தன்ர பாட்டில போகுது. சிக்னலைத் தாண்டி நடுச் சந்தியில போய்த்தான் நிண்டது. விடியக் காலை எண்டபடியால் குறுக்கால ஒருத்தரும் வரேல்லை. அதுக்கு மேல ஆறுதலா நான் எப்பிடி ஓடுறது?

அடுத்த கிழமையே விண்டர் ரயர் போட்டிட்டன். அதே இறக்கம், அதே நேரம், இப்ப நிக்குது. வழுக்கவே வழுக்காது எண்டு சொல்ல மாட்டன். உறைமழை, விழுந்த உடன ஐசாகிற மழை, பெய்த அண்டு எந்த ரயரும் கைவிடும். அண்டைக்கு பஸ்.

வீட்டில இருந்து வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரு கணக்கு, விடியப்புறம் 5 மணிக்கு ரோட்டில நிக்கிற ஆக்களுக்கு வேற கணக்கு. கோயம்புத்தூர்த் தம்பி ரெண்டாவது.

சும்மா_பாக்கிறவன், அக்டோபர் 15, பகல் 2.10

அக்கா, நான் 10 மணிக்குத்தான் வீட்டை விட்டு வெளிக்கிடுறனான். அது உண்மை.

கணக்குப்பிள்ளை (பிராம்ப்டன்), அக்டோபர் 15, இரவு 8.45

கொங்குப்பையன், நான் மதுரைக்காரன். நம்ம ஊர்க்காரங்க இங்க வந்ததும் செய்யற முதல் தப்பு, வண்டில இருக்கற சைஸ்லயே விண்டர் டயரும் தேடறது. சக்கரம் பெருசாகப் பெருசாக டயர் விலை ஏறிக்கிட்டே போகும். உங்க 2019 மாடல்லயே கீழ்நிலை வண்டிக்கு கம்பெனியே 17 இஞ்ச் போட்டுத்தான் வித்தாங்க, 235/65 ஆர்17. அப்ப பிரேக்ல ரிம் இடிக்குமோன்னு பயமில்ல.

235/60 ஆர்18-ல ரிம் 457.2 மி.மீ. பக்கச்சுவர் உயரம் 235 மி.மீ அகலத்துல 60 சதவீதம், அதாவது 141. மேலயும் கீழயும் சேத்து 282. மொத்தம் 739.2 மி.மீ.
235/65 ஆர்17-ல ரிம் 431.8. பக்கச்சுவர் 152.75, ரெண்டு மடங்கு 305.5. மொத்தம் 737.3 மி.மீ.

ரெண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்ல. ஸ்பீடோமீட்டர் மாறாது, ஏ.டபிள்யூ.டி-யும் குழம்பாது. பக்கச்சுவர் உயரமா இருக்கறதால மார்ச்ல வர்ற ரோட்டுக் குழிக்கு ரிம் தப்பிக்கும், அது ஓசியில வர்ற லாபம். ஆனா 225/65 ஆர்17 மலிவா கெடைக்குதுன்னு யாராச்சும் தலையில கட்டப் பாப்பாங்க. அது ராவ்4 சைஸ். அளவு 724-தான் வரும், உங்க வண்டிக்கு வேண்டாம்.

அடுத்தது இன்சூரன்ஸ். 2016 ஜனவரி 1-லேர்ந்து ஒன்டாரியோல எல்லா கம்பெனியும் விண்டர் டயருக்குத் தள்ளுபடி தரணும். எவ்வளவுன்றது அவங்க இஷ்டம். எனக்கு 5 சதவீதம் குடுக்கறாங்க, வருஷம் 130 டாலர் மிச்சம். போன் போட்டுக் கேட்டாதான் தருவாங்க, தானா வராது. நாலு டயரும் இருக்கணும். ரசீதைத் தொலைச்சிடாதீங்க.

இன்னொண்ணு. விண்டர் டயர் ஓடற அஞ்சு மாசம் உங்க ஆல் சீசன் சும்மா தூங்கும், தேயாது. ரெண்டு செட்டும் சேந்து அதிக வருஷம் வரும். அதனால இதை முழுசா புதுச் செலவுன்னு எடுத்துக்காதீங்க.

கொங்குப்பையன், அக்டோபர் 15, இரவு 9.20

ரொம்ப நன்றிங்க. அப்ப 17 முடிவு. இரும்பு ரிம் போட்டா வண்டி பாக்க நல்லா இருக்காதுன்னு வீட்ல ஒரு குரல்.

இரவுப்பணி, அக்டோபர் 15, இரவு 9.31

ஜனவரியில கார் என்ன நிறம் எண்டே தெரியாது தம்பி. உப்புப் படிஞ்சு எல்லாம் சாம்பல்.

ரயர்க்கடை, அக்டோபர் 15, இரவு 10.40

இரும்பு றிம்மே போடுங்கோ, ஆனால் ரெண்டு விசயம் கவனம்.

முதல்லாவது நட். ஹோண்டாவின்ர சொந்த நட்டின்ர அடி உருண்டையா இருக்கும். வெளியில விக்கிற இரும்பு றிம் கனக்க கூம்பு நட்டுக்குத்தான் ஓட்டை வெட்டியிருக்கும். பழைய நட்டையே போட்டு இறுக்கினால் இறுக்கின மாதிரித்தான் இருக்கும், ஆனால் வடிவா உக்காராது. ஓட ஓடத் தளரும். றிம் வாங்கேக்க அதுக்குரிய நட்டையும் கேட்டு வாங்குங்கோ, 12 மில்லிமீட்டர், 1.5 புரி. இறுக்கிறது 80 அடி-பவுண்டு, இறுக்கத்தை அளந்து காட்டுற டோர்க் றெஞ்சால. காத்துத் துப்பாக்கியால டர்ரெண்டு இறுக்கி விட்டால் "கையால ஒருக்காப் பாருங்கோ" எண்டு சொல்லுங்கோ, வெக்கப்படாதேங்கோ. 100 கிலோமீட்டர் ஓடினாப் பிறகு திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாக்க வேணும்.

ரெண்டாவது, உங்களுக்கு 2,400 சொன்னதில சென்சார் நாலையும் வெட்டுங்கோ. உங்கட காரில காத்தழுத்த சென்சார் சில்லுக்குள்ள இல்லவே இல்லை. ஏ.பி.எஸ் சில்லு சுத்துற வேகத்தை வைச்சுத்தான் காத்துக் குறைஞ்சதைக் கண்டுபிடிக்கும். ரயர் மாத்தின பிறகு மெனுவுக்குள்ள போய் கலிபிரேட் குடுத்து ஓடினாக் காணும். ரொயோட்டாவில சென்சார் உள்ள இருக்கு, அது வேற கதை. ஹோண்டாவுக்குச் சென்சார் வித்தவன் தெரியாமல் வித்தவனோ தெரிஞ்சு வித்தவனோ, அதை உங்களுக்கே விடுறன்.

கொங்குப்பையன், அக்டோபர் 15, இரவு 10.55

அட, இல்லாத ஓட்டைக்கு அடைப்பு வித்திருப்பாங்க போல!

ஏரிக்கரை (ஓக்வில்), அக்டோபர் 16, காலை 8.20

நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்றேன். மூணு வருஷமா மிஷலின் கிராஸ்கிளைமேட் 2 ஓட்டறேன். ஆல் வெதர், ஆல் சீசன் இல்ல. அந்த மலைப் படம் இதுலயும் இருக்கு. வருஷம் பூரா அதே டயர். ரெண்டு தடவை மாத்தற கூலி கிடையாது, வைக்க இடம் தேட வேண்டியதில்ல. நாங்க அபார்ட்மெண்ட்ல இருக்கோம், நாலு டயரை எங்க வைக்கறது? ஏரிப் பக்கம் ஸ்நோவும் கம்மி. நோக்கியன் டபிள்யூ.ஆர், டோயோ செல்சியஸ்னு இந்த வகையில நிறைய இருக்கு. விண்டர் டயர்தான் ஒரே வழின்னு பயமுறுத்தாதீங்க.

ரயர்க்கடை, அக்டோபர் 16, பகல் 12.15

பயமுறுத்தேல்லை. ஆல் வெதர் நல்ல சாமான்தான், நானே வயசுபோன ஆக்களுக்குச் சொல்லுறனான். கடைக்கும் கோயிலுக்கும் பகலில போய் வாறவைக்குத் தாராளமாக் காணும்.

ஆனால் அந்தப் படம் என்னத்துக்குக் குடுக்கிறது எண்டதை விளங்க வேணும். இறுகின ஸ்நோவில, சோதனைக்கெண்டு வைச்சிருக்கிற ஒரு அளவுகோல் ரயரோட ஒப்பிட்டு, கிளம்புற இழுவை குறைஞ்சது பத்து வீதம் கூட இருந்தால் படம் கிடைக்கும். கிளம்புறது மட்டும். ஐசில நிக்கிறதை அதில சோதிக்கிறேல்லை. அதால ரெண்டு ரயரிலயும் ஒரே படம் இருக்கு எண்டு ரெண்டும் ஒண்டு ஆகாது. ஆல் வெதரை ஜூலையிலயும் ஓட்ட வேணும் எண்டபடியால் ரப்பரை அவ்வளவு இளக்க ஏலாது. தனி விண்டர் ரயருக்கு அந்தக் கவலை இல்லை.

கிச்சனர் போற தம்பிக்கு மில்டன் தாண்டின உடனே ஏத்தம் தொடங்கும். மிசிசாகாவில மழை பெய்தால் கேம்பல்வில்லில ஸ்நோ. விடியப்புறம் 5 மணி, பக்கத்தில லொறியள். எனக்கெண்டால் தனி விண்டர் ரயர்தான்.

ஏரிக்கரை, அக்டோபர் 16, பகல் 12.40

அந்த ரூட்டுக்கு ஒத்துக்கறேன். எனக்கு அந்த ரூட் இல்ல.

சிக்கன_சிகாமணி (மார்க்கம்), அக்டோபர் 16, மாலை 6.05

காசு குறைவெண்டால் முன்னுக்கு ரெண்டு மட்டும் போடலாமே? இழுக்கிறது முன்சில்லுதானே. இல்லாட்டி பாவிச்ச ரயர், 200 டொலருக்கு நாலு போட்டிருக்கிறாங்கள் விளம்பரத்தில.

ரயர்க்கடை, அக்டோபர் 16, மாலை 6.50

ஐயோ, வேண்டாம். முன்னுக்குப் பிடி, பின்னுக்குப் பிடியில்லை எண்டால் வளைவில பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும். ஏ.டபிள்யூ.டி-யில அதுக்கும் மேல, முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற ரயர் எண்டால் கியர் பக்கத்துக்கும் கூடாது. நாலும் ஒரே பேர், ஒரே அளவு, ஒரே தேய்மானம்.

பாவிச்சது வாங்கலாம், பாத்து வாங்கினால். பக்கச்சுவரில டி.ஓ.டி எண்டு தொடங்கிற வரியின்ர கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த திகதி. 3519 எண்டால் 2019-இல 35-ஆவது கிழமை. ஆறு வருசத்துக்கு மேல போனதை நான் தொட மாட்டன், வெட்டு எவ்வளவு ஆழமா இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஒரு அங்குலத்தை 32 ஆப் பிரிச்சால், புது விண்டர் ரயரில வெட்டு அதில 11, 12 பங்கு ஆழம் இருக்கும். ஒன்ராறியோச் சட்டம் ஒண்டரை மில்லிமீட்டர் வரை விடும், ஆனால் அது வெய்யில் கால ரோட்டுக் கணக்கு. 32-இல ஆறுக்குக் கீழ போனால் ஸ்நோவில எடுபடாது. பத்து டொலருக்கு ஆழம் பாக்கிற கருவி விக்குது, அதைக் கொண்டுபோய் குத்திப் பாத்து வாங்குங்கோ.

கொங்குப்பையன், அக்டோபர் 17, இரவு 8.10

சரிங்க, 235/65 ஆர்17, புது விண்டர் டயர், இரும்பு ரிம், கூம்பு நட், சென்சார் கிடையாது. எந்த கம்பெனி? மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக் டி.எம்-வி2, கான்டினென்டல் வைக்கிங்கான்டாக்ட் 7, நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர்5. நாலும் பாத்துப் பாத்துத் தூக்கம் போச்சு.

ரயர்க்கடை, அக்டோபர் 17, இரவு 9.30

நாலில எதைப் போட்டாலும் பிழையில்லை. இதுகளுக்குள்ள இருக்கிற வித்தியாசம், ஆல் சீசனுக்கும் இதுகளுக்கும் இருக்கிற வித்தியாசத்துக்குப் பக்கத்தில ஒண்டுமே இல்லை. தூங்குங்கோ.

கேட்டதுக்குச் சொல்லுறன், என்ர கையில கண்டது. பிளிஸாக் ஐசில நல்லாப் பிடிக்கும், ஆனால் காஞ்ச நெடுஞ்சாலையில கனக்க ஓடுற ஆக்களுக்குக் கெதியாத் தேயுது. எக்ஸ்-ஐஸ் விலை கூட, தேய்மானம் குறைவு, நெடுஞ்சாலையில அமைதி. வைக்கிங்கான்டாக்ட் ரெண்டுக்கும் நடுவில. நோக்கியன் பின்லாந்துக்காரர். 1934-இலேயே உலகத்தின்ர முதல் குளிர்கால ரயரைச் செய்தவை, ஹக்கபெலிட்டா எண்ட பேர் 1936-இல வந்தது. எங்கட ஆக்கள் அந்தப் பேரைச் சொல்லி முடிக்க முதல் ஸ்நோ உருகிப் போடும். நல்ல ரயர், ஆனால் இந்த அளவில எல்லாக் கடையிலயும் இருப்பில இராது.

நீங்கள் கிழமைக்கு மூண்டு நாள் 401. நான் வைக்கிங்கான்டாக்ட் அல்லது எக்ஸ்-ஐஸ் எண்டுவன். எது இந்த மாசம் மலிவோ அது. ஆனால் இந்த மாசமே. முதல் ஸ்நோ கொட்டின அண்டு எங்கட கடை வாசலில வரிசை ரோட்டு வரைக்கும் நிக்கும்.

மொன்றியல்வாசி, அக்டோபர் 17, இரவு 10.00

ஐசைக் குத்திப் பிடிக்க ஆணி பதிச்ச ரயரைப் பற்றி ஆரும் கேக்கேல்லை எண்டு சந்தோசம்.

ரயர்க்கடை, அக்டோபர் 17, இரவு 10.04

ஒன்ராறியோவில வடக்குப் பக்கத்து ஆக்களுக்கு மட்டும்தான் அதுக்கு அனுமதி. தெற்கு ஆக்களுக்கு ஏலாது. அந்தக் கதையை இஞ்ச தொடக்காதேங்கோ.

கொங்குப்பையன், நவம்பர் 6, இரவு 7.45

போட்டாச்சுங்க! வைக்கிங்கான்டாக்ட் 7 தள்ளுபடில கெடச்சுது. கணக்கு கேப்பீங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். டயர் 215 வீதம் 860, இரும்பு ரிம் 85 வீதம் 340, நட் 40, மாட்டி பேலன்ஸ் பண்ண 100. ஆக 1,340. வரி 13 சதவீதம் சேத்து 1,514. பட்ஜெட்டை 14 டாலர் தாண்டிட்டேன், வீட்ல மன்னிச்சுட்டாங்க. கடைக்காரர் சென்சார் வேணுமான்னு கேட்டாரு. "ஹோண்டாவுக்கு எங்கீங்க உள்ள வைப்பீங்க?"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் ரொம்ப மரியாதை.

100 கிலோமீட்டர் கழிச்சு நட் இறுக்கிப் பாத்தேன். வலது பின் சக்கரத்துல ஒண்ணு கால் சுத்து போச்சு. அண்ணா, அதை நீங்க சொல்லலைன்னா பாத்திருக்கவே மாட்டேன்.

கணக்குப்பிள்ளை, நவம்பர் 6, இரவு 8.05

1,514.20. சரியா இருக்கு. இன்சூரன்ஸுக்கு போன் போட்டீங்களா?

கொங்குப்பையன், நவம்பர் 6, இரவு 8.11

நாளைக்குங்க.

கொங்குப்பையன், டிசம்பர் 12, காலை 6.50

முதல் நல்ல ஸ்நோ. நேத்து ராத்திரி வீட்டுப் பக்கத்துல காலியா கெடந்த ஒரு பார்க்கிங்ல போய், 30-ல போயி வேணும்னே பிரேக்கை அழுத்தி மிதிச்சுப் பாத்தேன். இரவுப்பணி அக்கா சொன்ன அந்தக் கட கட காலுக்குள்ள அடிச்சுது, வண்டி நின்னுது. 40-ல நிக்க எடுத்துக்கிட்ட தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பத்து கிலோமீட்டர் வேகம்தானே கூடுச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் 401-ல முன்வண்டிக்கு விடற இடைவெளியை நானே கூட்டிட்டேன்.

இன்னைக்குக் காலையில ஒரு மஞ்சள் விளக்கு எரியுது, டயர் படம் போட்டு. டயர் எதுவும் இறங்கின மாதிரி தெரியல. சென்சார் வாங்காம விட்டது தப்பாயிடுச்சோ?

ரயர்க்கடை, டிசம்பர் 12, காலை 7.20

இல்லைத் தம்பி. நவம்பர் முதல் கிழமை காத்தடிக்கேக்க வெளியில 10 டிகிரி இருந்திருக்கும், இண்டைக்கு மைனஸ் 12. அஞ்சு, ஆறு டிகிரி குறைய காத்தழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ இறங்கும். நாலு பி.எஸ்.ஐ போயிருக்கும் இப்ப. ஓட்டுநர் கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கோ, ஓட முதல், ரயர் குளிரா இருக்கேக்க. பிறகு கலிபிரேட் குடுங்கோ.

கொங்குப்பையன், டிசம்பர் 12, மாலை 6.30

நாலும் 29-க்கு இறங்கியிருந்துச்சு. அடிச்சாச்சு, விளக்கு அணைஞ்சுடுச்சு. பழைய 18 இஞ்ச் செட் பால்கனில கெடக்கு, அது அப்படியே இருக்கலாமா?

ரயர்க்கடை, டிசம்பர் 12, மாலை 7.05

வெயில் படாமல் கறுப்புப் பையில கட்டி, றிம்மோட எண்டபடியால் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வையுங்கோ. எந்தச் சில்லு எங்க இருந்தது எண்டு சோக்கால எழுதினீங்களோ?

கொங்குப்பையன், டிசம்பர் 12, மாலை 7.09

இல்லீங்களே.

ரயர்க்கடை, டிசம்பர் 12, மாலை 7.12

பரவாயில்லை. கூடத் தேஞ்ச ரெண்டும் முன்சில்லா இருக்கும், ஏப்ரல் நடுவில திரும்பப் போடேக்க அதுகளைப் பின்னுக்குப் போடுங்கோ. இப்ப ஓடுற செட்டுக்குப் பக்கச்சுவரில ஒரு அம்புக்குறி இருக்கும், சுத்துற திசை. அதைக் கழட்டேக்க மறக்காமல் எழுதுங்கோ.